அந்த அரைத் தொன்

கிண்ணியாவில் பழுதான படகு எஞ்சினைத் தூக்குவதென்றால் கலீலுர் றஹ்மானைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய கொட்டிலின் குறுக்கே ஓர் இரும்பு உத்திரம். அதில் சங்கிலிக் கப்பி. உத்திரத்தில் நீலப் பெயின்றால் ‘1 தொன்’ என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் ஓர் இறாத்தலும் தூக்கமாட்டார். ஸலாம் சொன்னால் எடை கேட்பார் என்று கூட வேலை செய்த சஜீத் கேலி பண்ணுவான்.

மகள் ஷிஃபானா வெளிநாட்டில் விமானச் சிறகுகளை முறியும்வரை சுமையேற்றிச் சோதிப்பவள். அவள் பெருநாளுக்கு வந்தபோது அவர் கேட்டார்.

"நல்ல சிறகை ஏன் மகள் உடைக்கிறீங்க?"

"பறக்கக்குள்ள வரக்கூடிய ஆகக் கூடின சுமை ஒண்டெண்டா, நாங்க ஒண்டரை ஏத்துவம் வாப்பா. மூண்டு செக்கன் முறியாம நிக்கவேணும். காத்து, உலோகம், மனிசர்ர பிழை, எதையும் முழுக்கக் கணிக்க ஏலாது. தெரியாததுக்குத்தான் அந்த அரை."

"அப்ப ஒண்டரை தாங்கும்."

"ஓம், தாங்கும்."

பயணப்பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள். அப்படித் தாங்கிய சிறகைப் பிறகு எந்த விமானத்திலும் பூட்டமாட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் முப்பது சீமெந்து மூடைகளை, ஒன்றரைத் தொன்னை, கட்டித் தூக்கி, மூன்று வரை எண்ணினார். ஒன்றும் ஆகவில்லை. ‘1’க்குப் பக்கத்தில் ‘½’ சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினார். அவள் பெரிதாக்கிப் பார்க்காமலே ஓர் இதயம் அனுப்பினாள்.

பதினொரு மாதம் தாங்கியது. பிறகு, ஆழ்கடல் படகொன்றின் எஞ்சின் தொங்கும்போது கப்பியின் கொளுக்கி முறிந்தது. அவர் கீழே நின்றார்.

வாப்பா மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, ஷிஃபானா கொட்டிலுக்குப் போனாள். முறிந்த கொளுக்கியைத் திருப்பிப் பார்த்தாள். முறிவில் பாதி துருவேறியிருந்தது. பழைய வெடிப்பு, ஒவ்வொரு தூக்கலிலும் மயிரளவு வளர்ந்திருக்கிறது.

"சஜீத் நானா, அந்த அரையை அழிச்சிடுங்க."

"கொளுக்கிதான் பிழை தங்கச்சி. புதுசு போட்டாச்சு. உத்திரம் அப்படியே நிக்குது பாருங்க. வாப்பா சோதிச்சு எழுதினது, அவர்ர கையெழுத்து. அதை எப்பிடி அழிக்கிற?"

அவள் சிறகிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. சஜீத் கதிரையை இழுத்துப் போட்டு, கண் கலங்கக் கேட்டான்.

"வாப்பாவும் இப்பிடித்தான், கையால காட்டிக் காட்டி எங்களுக்குச் சொல்லித் தந்தவர்" என்றான்.

பிறகு எழுந்து போய், காத்திருந்த ஒன்றரைத் தொன் எஞ்சினில் புதுக் கொளுக்கியை மாட்டினான்.