குவளையின் அடியில் இருந்த சிங்கம்

இராஜபாளையத்து வெள்ளிக் கடைக்காரர் நான் கொண்டுபோன குவளையைக் கவிழ்த்து, அதன் அடியில் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். அப்பாவும் இப்படித்தான் குனிந்து பார்ப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா கம்பவுண்டர். வெள்ளைக்கார டாக்டரம்மா சீமைக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பால் குவளை அது. அடியில் அரிசி அளவில் நான்கு முத்திரைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"சிங்கம் இருந்தா நல்ல வெள்ளி. நங்கூரம், செஞ்ச ஊரு. இந்த எழுத்து வருஷம். கடைசி ரெண்டெழுத்து செஞ்சவன் பேரு. டாக்டரம்மா சொன்னாவ."

நான் எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில், அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, அம்மா மற்றப் பாத்திரங்களோடு அதையும் பெயர் வெட்டக் கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்து உளியால் தட்டிக்கொண்டிருந்தவர், "அடியில யாரு பேரோ கெடக்கேக்கா" என்றார்.

"நம்ம சாமான்ல அடுத்தவன் பேரு எதுக்கு? பாக்கிறவிய களவாண்டதும்பாவ. அதை அரத்தால ராவிட்டு அவிய பேரை வெட்டுங்க."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக விழுவதைப் பார்க்கும் ஆசையில் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் அப்பா குவளையைக் கவிழ்த்தார். சிங்கம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எழுத்து நல்லா வந்திருக்கா?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"நல்லா வெட்டியிருக்கான்" என்றார். அதன்பின் அவர் பூதக்கண்ணாடியை எடுத்து நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் நிமிர்ந்தார். "முத்திரை இருந்திருந்தா யாரு செஞ்சதுன்னு சொல்லிரலாம்மா. இதுல 'தங்கையா'ன்னு பேரு மட்டும்தான் இருக்கு. யாரு அவிய?"

குவளையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எங்க அப்பா."