கரடிக்குள் இருசப்பன்

எங்கள் தெரு இருசப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் லோடு ஏற்றினார். கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது வில்லியனூரில் ஒரு டெக்கரேஷன்காரரிடம் கரடியாக இருக்கிறார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வரவேற்பு, காதுகுத்து என்றால் மண்டப வாசலில் கார்ட்டூன் பொம்மை நின்று கைகொடுக்குமே, அதற்குள் ஒரு ஆள் வேகிறான் என்று என்றைக்காவது நினைத்திருக்கிறீர்களா? நானும் நினைத்ததில்லை. பழைய டிவி கார்ட்டூன் ஒன்றில் ஒரு மக்குக் கரடி வரும். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே ஊரெல்லாம் தொப்பியைத் தேடும். பின்னாலிருந்து அடித்தால் திரும்பாது, மழை வருகிறதா என்று மேலே பார்க்கும். பிள்ளைகளுக்கு அதன்மேல் உயிர். அந்தக் கரடிதான் இருசப்பன். உள்ளே இருப்பவர் பேசக் கூடாது, பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது.

பேசாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமில்லை. மூன்று வருடத்துக்கு முன் மனைவி இறந்துபோனதிலிருந்தே மனுஷன் மரத்துப்போய்விட்டார். அன்றைக்கும் அழவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், உப்பில்லை என்றால் அதுவும் தெரியாது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரே மகள் உஷாராணியை நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மிச்சம்.

இடமும் வந்தது. மண்ணாடிப்பட்டு பக்கத்துப் பையன், எழிலரசன். நல்ல வேலை, சிரித்த முகம். வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு மண்டபத்தில் வேலை என்று சொன்னதோடு சரி, கரடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உஷாவுக்குப் பையனைப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு வரவேற்பு. கரடி வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. நாலு பையன்கள் வந்தார்கள். ஒருவன் செல்லில் வீடியோ எடுக்க, இன்னொருவன் சேஃப்டி பின்னைப் பிரித்துக் கரடியின் தொடையில் குத்தினான். கரடி மேலே பார்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுபடி குத்தினான். நாலு தடவை. கரடியின் வாய்க்குள் இருக்கும் வலை வழியாக இருசப்பன் பார்த்தார். குத்தியவன் எழிலரசன்.

நானாக இருந்தால் கரடித் தலையைக் கழற்றி அவன் மூஞ்சியிலேயே அடித்திருப்பேன். இவர் ஆடி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, ரத்தம் பட்ட பேன்ட்டைத் துவைத்துக் காயப்போட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கே எல்லாம் பிறகுதான் தெரியும்.

ஞாயிறு காலை தட்டோடு வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்று நானும் போய் உட்கார்ந்தேன். எழிலரசனின் அம்மா வேலம்மாள் மல்லிகைச் சரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குள் பையனுக்கு உஷாவைச் சிரிக்க வைக்கும் ஆசை வந்துவிட்டது.

"இத்தப் பாரேன், செம காமெடி" என்று செல்லை நீட்டினான்.

அவள் பார்த்தாள். கரடியின் கிழிந்த காதைத் தைத்ததே அவள்தான்.

"இது எங்கப்பா."

எழிலரசன் எழுந்தே விட்டான். "ஐயோ மாமா, நீங்கன்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சா செஞ்சிருப்பேனா?"

"தெரியாம செஞ்சிட்டான், வுடுங்க" என்றார் வேலம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உஷா சிரிக்கவில்லை. "உள்ள வேற யாராச்சும் இருந்திருந்தா?"

அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வேற யாரோன்னா நமக்கு இன்னா?"

சரத்தோடு தலைக்கு வந்த வேலம்மாளின் கையை உஷா மெதுவாக விலக்கினாள். "வேணாங்க" என்றாள். எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள். அவள் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றாள். வந்த வேனிலேயே திரும்பிப் போனார்கள்.

அவள் அழவில்லை. அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குப் புடிச்சிருந்துச்சேம்மா."

"நாலு தடவ குத்தியிருக்கான். வலிக்கலையா?"

இருசப்பன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"இல்லம்மா. எனக்கு ஒண்ணும் வலிக்கல."

அதற்குத்தான் அவள் அழுதாள்.