லிண்டாவுக்கு வந்த பிறந்த வீட்டுக் கோடி

ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது செல்வராஜின் தங்கை என் தையல் கடை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, லிண்டாண்ணி போயிட்டாங்க" என்றாள். மணமேல்குடிக் கடைத்தெரு வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல இருந்தது.

அவளோடு பழகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலிப்பைன்சின் தெற்கே, தெற்கு கோட்டபாட்டோ மாகாணத்து மலையில், ஏரிக்கரையில் பிறந்த டிபோலிப் பழங்குடிப் பெண் லிண்டா. துபாயில் வேலை பார்த்த இடத்தில் செல்வராஜைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வாழைத்தோப்பைக் கண்டால் அவளுக்குக் கால் நகராது. அவர்கள் ஊரில், வாழை மாதிரியே இருக்கும் அபாகா மரத்து நாரில்தான் தினாலக் என்ற துணியை நெய்வார்கள். "கனவுல வராத டிசைனை எங்கம்மா நெய்ய மாட்டாங்கக்கா" என்பாள்.

தினமும் காலையில் என் கடைக்கு வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, நேத்து என்ன கனா கண்டீங்க?" நானோ படுத்தால் கட்டை. "எனக்குப் படுத்தா விடிஞ்சிரும், போடி" என்று விரட்டுவேன். மறுநாளும் கேட்பாள்.

ஒருமுறை தன் அம்மா கொடுத்த தினாலக் துணியை என் மேசையில் விரித்தாள். கறுப்பு, சிவப்பு, நாரின் நிறம். ஓரத்தில் நூல் துருத்திக்கொண்டிருந்தது. தையல்காரி கை சும்மா இருக்குமா? கத்திரியை எடுத்தேன். பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வெட்டாதீங்க! வெட்டுனா நோவு வரும்க்கா. தாண்டவும் கூடாது." அவள் ஊரைவிட்டுக் கிளம்புமுன் அம்மா கண்ட கனவாம் அது. ஏரி முழுக்கத் தவளைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. "நான் போற பக்கம்" என்றாள். அதை அவள் உடுத்தியதே இல்லை. பெட்டியில் வைத்து அவ்வப்போது முகர்ந்து பார்ப்பாள். அந்த அம்மாவும் பிறகு இறந்துபோனார்.

லிண்டா போன அன்று, அவளைக் குளிப்பாட்டி முடித்ததும் பெரியவர் ஒருவர் கேட்டார். "பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சா?" எங்கள் பக்கம் பெண் கண்மூடினால், பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுத்துணியைப் போர்த்தாமல் தூக்குவதில்லை. கடல் கடந்து யார் வருவது? "நாமளே ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்" என்றார்கள். அவள் என்ன அநாதையா? செல்வராஜைக் கேட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

"இது பழசு, ஆத்தா! கோடின்னா புதுசுல்ல?" என்றார் பெரியவர்.

"உடுத்தாத துணிங்க. அவங்கம்மா நெய்து குடுத்தது. இதைவிடப் பொறந்த வீட்டுக் கோடி வேற என்ன இருக்கு?"

அவர் மெல்லத் தலையாட்டினார். போர்த்தினோம். துணி நீளமாக இருந்தது. "கத்திரி வச்சிருப்பியே, நறுக்கி விடு" என்று யாரோ சொன்னார்கள். "வெட்டக் கூடாதுங்க. தாண்டவும் வேணாம்" என்று மிச்சத்தைக் காலடியில் மடித்து வைத்தேன். அத்தனை கூட்டமும் சுற்றிச் சுற்றித்தான் போனது. அந்தத் துணியோடேயே போனாள்.

போன வாரம் மதியம் மெஷின்மேல் தலைசாய்த்துக் கண்ணயர்ந்துவிட்டேன். ஏரி வந்தது. தவளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் அவள், தலை ஈரமாக, சிரித்துக்கொண்டு.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காலைக் கேள்வி ஒன்றுதான். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கேட்கத்தான் வரமாட்டேன் என்கிறாள்.