காற்றில்லாத மைதானம்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பராக நின்றவளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக நான் திருந்திவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பம் அவளுடையது. லீவு முடிந்தால் ஜீப்பில் கம்பத்துக்கு இறங்கி, பஸ் பிடித்துத் தேனி விடுதிக்கு வருவாள். பையைத் திறந்தால் எங்கள் அறை முழுக்க ஏலக்காய் வாசம். அவள் மேலிருந்த எரிச்சலில் எனக்குப் பாயசமே பிடிக்காமல் போனது. நான் கம்பத்துக்காரி, அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். மூன்றாம் ஆண்டில் கேப்டன் நான்தான் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, நானும் நம்பி ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் பி.டி. மேடம் கேப்டன் பட்டையை எடுத்து அவள் கையில் மாட்டிவிட்டார்.

"அவளுக்கு வாய் கம்மி, உனக்கு ஜாஸ்தி" என்று காரணம் வேறு சொன்னார்.

அன்றிலிருந்து மைதானத்துக்கு வெளியே நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளும் ஒன்றும் சாது இல்லை. நான் காயப்போட்ட ஜெர்சி மழையில் நனைந்தால் அதைத் தாண்டி நடந்துபோய்த் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவாள். பயிற்சியில் பந்தை என் முதுகுக்கே குறிவைத்து உதைப்பாள். திரும்பிப் பார்த்தால் கையுறையைச் சரிசெய்துகொண்டிருப்பாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான்: பல்கலைக்கழக அணியில் இடம். அந்தச் சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகலாம். "இந்த வருசத்தோட சரி. அதுக்குள்ள ஒண்ணும் ஆகலேன்னா பேசாம வீட்டுல இரு" என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். அவளுக்கோ, இடம் கிடைக்காவிட்டால் அம்மாவோடு தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போக வேண்டியதுதான். மேடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "நம்ம காலேஜுல ஒரு பேருதான் கேப்பாக. கீப்பரா, ஸ்டாப்பரான்னு மேட்ச்சுல பாத்துக்கிறேன்." ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவள், நான்.

இனி காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி பிறப்பதற்கு முன்பே எங்கள் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்துவிடும். தலையில் போட்ட துண்டு நிற்காது, வாழைக்கு முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காக இருந்தது. கிழக்குக் கோலுக்குப் பின்னால் விடுதிச் சுவர். காற்று அந்தச் சுவரில் மோதிச் சுழலும் என்பதால் கோலில் நிற்பவளுக்கு அதன் போக்கு பிடிபடாது. முன்னால் நிற்கும் ஸ்டாப்பருக்குத்தான் முகத்தில் அடிக்கும். அதனால் வேறு எந்த அணியிலும் இல்லாத வழக்கம் எங்களிடம் இருந்தது. மற்ற இடங்களில் கீப்பர் கத்துவாள், தடுப்பவள் கேட்பாள். எங்களிடம் ஸ்டாப்பர் "விடு!" என்று கத்தினால் கீப்பர் பந்தைத் தொடக்கூடாது. உயரமாக வரும் பந்தைக் காற்றே கோட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும். மேடம் போட்ட சட்டம் அது. கேப்டனானாலும் அவள் என் வார்த்தைக்கு நிற்க வேண்டும் என்பதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். தேவையில்லாத பந்துக்கும் இரண்டு தடவை கத்தினேன்.

அந்த சீசனில் எங்கள் மைதானத்தில் நடந்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தோம். வந்த அணிகள் உதைத்த பந்தெல்லாம் விடுதி மாடியில் போய் விழுந்தது. காற்று ஜெயித்துக் கொடுத்ததை எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

அரையிறுதி மதுரையில். தேர்வுக் குழுவினர் வந்து உட்காரப்போகும் ஆட்டமும் அதுதான். முதல் நாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து எல்லோரும் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தபோது அவளாக என்னிடம் வந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை.

"நாளைக்கு அங்கன காத்து இருக்காது. சுத்தியும் கட்டடம். நீ விடுன்னு கத்தாத, அடிச்சு வெளிய தள்ளு. அது மதி." போதும் என்பதற்கு மலையாளத்தில் மதி என்பாள்.

"கேப்டன் உத்தரவாக்கும்?" என்றேன்.

"உத்தரவு இல்ல. நான் அங்கன ஆடியிருக்கேன்."

"என் வேலைய எனக்குச் சொல்லித்தர வேணாம். நீ உன் கோல் கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

அவள் போய்விட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இனித்தது.

மறுநாள் மதுரையில் ஒரு இலைகூட அசையவில்லை. அது என் கண்ணுக்கும் தெரிந்தது. ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும், இரண்டு பக்கமும் கோல் இல்லை. நடுக்கோட்டிலிருந்து எதிரணிக்காரி ஒருத்தி தூக்கி அடித்தாள். பந்து என் தலைக்கு மேலே வந்தது. இரண்டு எட்டு பின்னால் வைத்து எம்பியிருந்தால் நெற்றியில் பட்டிருக்கும். நான் "விடு!" என்று கத்தினேன். பழக்கம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் பழக்கம். மீதிப் பாதி, அவள் சொன்னதைக் கேட்டு ஆடினேன் என்று ஆகிவிடக்கூடாது என்ற வீம்பு.

அவள் ஒரு கணம் தயங்கினாள், கை பாதி உயர்ந்தது. பிறகு சட்டப்படி கீழே இறக்கினாள். பந்து எங்கேயும் போகாமல் கோலுக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது. ஓடிவந்த அவர்களுடைய முன்வரிசைக்காரி முழங்காலால் தட்டி உள்ளே தள்ளினாள். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

மேடம் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கத்தினார். கூட்டத்தின் இரைச்சலில் என் குரல் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

"கைக்கு வந்த பந்த எவளாச்சும் விடுவாளா? யாராச்சும் விடச் சொன்னாகளா?"

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை. நீயே சொல் என்ற பார்வை. நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவளும் வாய் திறக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு கேப்டன்" என்று மேடம் சொன்னதை, அணியே சேர்ந்து நின்று கேட்டோம்.

அடுத்த வாரம் பல்கலைக்கழகம் கேட்ட ஒரு பெயராக என் பெயர் போனது. மேடம் படிவத்தை நீட்டி, "கீழ கேப்டன் கையெழுத்து ஒண்ணு வேணும், வாங்கிட்டு வந்துரு" என்றார்.

விடுதி அறையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். படிவத்தை நீட்டினேன். வாங்கி முழுவதும் படித்தாள், ஒவ்வொரு வரியாக. "தடுப்பாட்டத்தில் சிறந்த கணிப்பு உள்ளவர்" என்று மேடம் எழுதியிருந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"எதுக்கு அன்னைக்கு நீ சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். "இப்பவும் மேடம் ரூம்லதான் இருக்காக."

பேனாவைக் கேட்டாள், கொடுத்தேன். மெதுவாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை உடனே தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் இழுத்து வாங்கிக்கொண்டேன்.

மேடம் அறைக்கு ஓடினேன். உண்மையைச் சொல்வதற்கு இல்லை. அவள் பின்னாலேயே வந்து சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் ஓடினேன்.