எல்லாம் நல்லாருக்கு மேடம்

எச்.ஐ.வி. ஆலோசகர் உத்தியோகத்தில் அறைக்குள்ளே வாய் ஓயாமல் பேச வேண்டும். வாசலைத் தாண்டினால் யாரையும் தெரியாதவர்போல நடக்க வேண்டும். அந்தக் கஷ்டம், என்னைப்போல இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சந்தோஷமான கர்ப்பிணி

ஸ்டெல்லாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை. ஐந்தாம் மாதப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. குழந்தைக்குத் தொற்றாமலிருக்க தினமும் மாத்திரை போட வேண்டும். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு படிவம் உண்டு. தூக்கம் கெடுகிறதா? சாப்பாடு பிடிக்காமல் போகிறதா? ஏன் உயிரோடிருக்கிறோம் என்று தோன்றுகிறதா? எல்லாவற்றுக்கும், "இல்ல மேடம், எல்லாம் நல்லாருக்கு" என்று பளிச்சென்று சிரித்தாள். நானும் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் அவள் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தால் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது. ஏன் பொய் சொன்னாய் என்றதற்கு அவள் சொன்னாள்: "கம்பெனிக்கு ஷூ வாங்குற வெள்ளக்காரங்க வந்து பேப்பர் வச்சிக்கினு கேட்டா, எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லணும்னு சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்திருக்காரு. நீங்களும் பேப்பர் வச்சிக்கினுதானே கேட்டீங்க?"

டாக்டர் கேட்ட கேள்வி

படிவத்தை மேசைக்குள் தள்ளிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் அழுதாள். மாத்திரையைக் கையில் எடுத்தாலே குழந்தைக்கும் வந்துவிடுமோ என்ற பயம் வருமாம், அப்படியே வைத்துவிடுவாளாம். "வராம இருக்கத்தானேம்மா அது!" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். வெறும் பேச்சில் தீருகிற சங்கதியாகத் தெரியவில்லை. மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

சில வாரங்களில் மாத்திரை ஒழுங்காக உள்ளே போக ஆரம்பித்தது. ஒருநாள் டாக்டர், "இப்ப மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அவள் தேறிவிட்டாள் என்பது பதிலிலேயே எனக்குத் தெரிந்தது: "மூணு மணி நேரம் வெளிய உட்கார வச்சா யாருக்கு சார் நல்லாருக்கும்? ஒரே பேஜாரு!"

வேலூர் பஸ்ஸில்

ஒன்பதாம் மாதம் ஒருநாள், நான் இருந்த பஸ்ஸில் ஸ்டெல்லா ஏறினாள். நான் கடமை தவறாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால், அவளே "அக்கா!" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூட வந்த தோழி, யார் என்றாள். ஸ்டெல்லா கண் இமைக்காமல், "இன்சூரன்ஸ் அக்கா" என்றாள். பள்ளிகொண்டா வரும்வரை, எனக்கே தெரியாத பாலிசியை விளக்கினேன். தோழி இறங்கும்போது சொன்னாள்: "ஸ்டெல்லாவுக்குப் போட்டதே எனக்கும் ஒண்ணு போட்டுடுங்கக்கா."

ஒன்றரை வயது

பெண் குழந்தை. ஒன்றரை வயதில் செய்யும் பரிசோதனைதான் கடைசி முடிவு. அதுவரை ஸ்டெல்லாவும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ரிசல்ட் வந்தது. தொற்று இல்லை.

எதையும் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியில் படித்த பாடம். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, விரல் வைத்து இரண்டு முறை படித்தாள். குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பிறகு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னாக்கா இது, ஒரு நிமிஷத்துல என் உசுரே போயிடுச்சு! நல்ல சேதிய சிரிச்சிக்கினு சொல்லக் கூடாதா?"

ஆறுதல் சொல்லும் உத்தியோகத்தில் இருப்பவர்களே, கைக்குட்டையை உங்களுக்கென்றே ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.