இடிந்த அறையைக் கீறியவர்

ஷெல் விழுந்து எங்கள் சண்டிலிப்பாய் வீட்டின் மேற்கு அறை இடிந்த மறுவாரம், சேதத்தைப் பதிய ஒரு படவரைஞர் வந்தார். மெலிந்த மனிதர், புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. ஒவ்வொரு சுவரையும் அளக்கமுன் கண்ணை மூடி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"நடு அறைதான் முதல் கட்டினது, தங்கச்சி. மண்சுவர். பிறகுதான் சுத்திவரக் கல்லுச்சுவர் எழும்பியிருக்கு. விறாந்தை கடைசி."

"இடிஞ்சதை மட்டும் எழுதினால் காணாதோ, ஐயா?"

"என்ன இருந்ததெண்டு தெரியாமல், என்ன போனதெண்டு எப்பிடி எழுதிறது?"

பொழுதுபட, தான் கீறிய வீட்டுப் படத்தின் ஒரு பிரதியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதில் மேற்கு அறை முழுதாக நின்றது. அதன் யன்னல் திறந்திருந்தது. படுக்கையில் கிடந்த அம்மா தோட்டத்தைப் பார்க்கவென்று, அவர் சாகும்வரை நாங்கள் அதைச் சாத்தியதேயில்லை. அந்தப் படவரைஞருக்கு அதை நான் சொல்லியிருக்கவில்லை.