மாமனாருக்கு நெய்த போர்வை

மாண்ட்ரியலுக்கு வந்த முதல் இரண்டு வருஷத்தில் என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. எங்களுக்குள் மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. நான் சென்ட் லோரன்ட்டில் விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அவள் பகல் முழுக்கத் தனியாக இருந்தாள். கும்பகோணத்தில் கல்லூரி முடித்தவள், தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசுகிறவள் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை இருந்தது. அங்கே ஒரு நாள் அவள் நூல் புடவையை உதறி மடித்துக்கொண்டிருந்தபோது, முதல் மாடியில் குடியிருந்த ஆங்கிலக்காரப் பெண்மணி வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை மதியங்களில் பக்கத்துப் பேட்டைத் தேவாலயத்தின் அடித்தளத்தில் கைத்தறிச் சங்கம் கூடுகிறது, நீயும் வா என்று அழைத்தாள்.

"என்னை நெசவுக்காரின்னு நினைச்சுட்டாங்க போல" என்று மனைவி என்னிடம் சொன்னாள். போய்த்தான் பாரேன் என்றேன்.

முதல் சனிக்கிழமை காரில் கொண்டு விட்டேன். வெளியே கார் எஞ்சினே உறைந்துவிடும் குளிர். அதனால் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். வாசலில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் பனி பூட்ஸ்கள். உள்ளே எட்டுத் தறிகள், காபி, வீட்டில் சுட்ட கேக், பத்துப் பன்னிரண்டு பெண்கள், பாதிப் பேர் பிரெஞ்சுக்காரிகள். எல்லாரும் புடவை நெசவைப் பற்றி இவள் ஏதாவது சொல்லவேண்டுமென்று காத்திருந்தார்கள். இவள் எழுந்து நின்று, எங்கள் ஊரில் நெய்கிறவர்கள் வேறு, நான் கட்டிக்கொள்கிறவள் மட்டும்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆசிரியை அதைப் பிரெஞ்சிலும் சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் காபியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சனிக்கிழமை மதியம் எங்களுக்கு அதற்கென்றே ஆகிவிட்டது. தறிகள் எல்லாம் பழையவை. ஏதாவது ஒன்று ஆடும், ஏதாவது ஒரு மிதிகட்டை கழன்று விழும். எனக்கு ஸ்க்ரூ டிரைவரும் வேலையும் கிடைத்தன. அவள் பக்கத்துத் தறியில் ஒரு விதவை உட்காருவாள். தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரி. ஆங்கிலம் சுத்தமாக வராது. என் மனைவிக்கோ மாலை வகுப்பில் கற்ற நாலு பிரெஞ்சு வார்த்தைதான். இருவரும் கையைக் காட்டியே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதை அந்தம்மாள் காட்டிக்கொடுத்தாள். இவள் பதிலுக்கு எலுமிச்சை சாதம் கொண்டுபோனாள். அதை அந்தம்மாள் கேக்கோடு சேர்த்துச் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

சின்னச் சின்ன மேஜை விரிப்புகளுக்குப் பிறகு, தன் அப்பாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை நெய்யப்போகிறேன் என்றாள் மனைவி. என் மாமனார் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். மூச்சிரைப்பு உண்டு. ஆனாலும் மார்கழிப் பனியில் விடியற்காலை காவேரிக்குக் குளிக்கப் போவதை விடமாட்டார். சாம்பல் நிறத்தில் உடலும் அரக்குச் சிவப்பில் கரையுமாகப் பாவு நூலைத் தறியில் பூட்டினாள். அதற்கே இரண்டு வாரம் ஆயிற்று.

போர்வை பாதி வளர்ந்திருந்தபோது, ஒரு புதன்கிழமை தந்தி வந்தது. மாமனார் போய்விட்டார். தந்தி எங்கள் கையில் கிடைப்பதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. நான் லீவு போடுகிறேன் என்றேன். வேண்டாம், நீங்கள் வேலைக்குப் போங்கள் என்றாள். அழவில்லை. சமைத்தாள், துவைத்தாள், அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். நான் மாலையில் வந்து அவள் முகத்தையே பார்ப்பேன். அவள் சாப்பிட வாருங்கள் என்பாள்.

சனிக்கிழமை அவள் போகமாட்டாள் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றாள்.

சங்கத்தில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் தறியில் போய் உட்கார்ந்தாள். நான் இரண்டு தறி தள்ளி ஒரு தறியின் காலை முடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தாள், போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துத் தறியின் சத்தமும் நின்றது. அந்த விதவை எழுந்து வந்து ஏதோ கேட்டாள்.

"மோன் பேர்" என்றாள் என் மனைவி. என் அப்பா. அடுத்த வார்த்தைக்குத் தேடினாள். "ஃபினி" என்றாள். முடிந்தது.

அந்தம்மாள் அதே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவள் கையிலிருந்த நாடாவை வாங்கினாள். மிதி என்று கண்ணால் காட்டினாள். என் மனைவி மிதித்தாள், அந்தம்மாள் நாடாவைப் போட்டாள். ஐந்தாறு வரிசை போனதும் என் மனைவி உடைந்து அழுதாள். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. ஆசிரியை வந்து என்னிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, போய் மற்றவர்களிடம் தணிந்த குரலில் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நாலு விரற்கடை நெய்துவிட்டு எழுந்துபோனாள்.

நாலு நாளாக அந்த அழுகைக்குத்தான் நான் காத்திருந்தேன். அது என்னிடம் வராமல் அங்கே வந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. திரும்பும்போது காரில் கேட்டுவிட்டேன்.

"என்கிட்ட ஏன் அழல நீ?"

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் அழுதா நீங்களும் உடைஞ்சு போயிடுவீங்க. அப்புறம் இந்த ஊர்ல நம்ம ரெண்டு பேரையும் யாரு தேத்தறது?"

காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் சொன்னது சரிதான். என்னாலும் அடக்க முடியவில்லை. மீனம்பாக்கத்தில் எங்களை வழியனுப்பும்போது, மாப்பிள்ளை என்ற மரியாதையைக்கூட மறந்து, என் கழுத்தில் தன் மஃப்ளரைச் சுற்றிவிட்டவர் என் மாமனார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போர்வை அடுத்த மாதம் தறியிலிருந்து இறங்கியது. யார் யார் கை எங்கே என்று பார்த்தாலே தெரிந்தது; சில இடம் இறுக்கம், சில இடம் தளர்ச்சி. தான் நெய்த தளர்ந்த பகுதியை ஊசியால் இழுத்துச் சரிசெய்துவிடட்டுமா என்று ஆசிரியை கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் மனைவி. சென்னைக்குப் போன நண்பர் ஒருவரிடம் அதை அவள் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினோம்.

பதில் வந்தபோது ஊர் முழுக்கப் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கடிதத்தைச் சங்கத்துக்கே எடுத்து வந்து ஆங்கிலத்தில் சொன்னாள். ஆசிரியை அதைப் பிரெஞ்சில் சொன்னாள். இந்த வெயிலில் கம்பளியை யாரம்மா போர்த்திக்கொள்வது, நாலாக மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறேன், தூக்கம் வருகிறது என்று மாமியார் எழுதியிருந்தார். முதலில் பாதி அறை சிரித்தது. பிறகு, பிரெஞ்சில் கேட்ட மீதிப் பாதி சிரித்தது.

விதவை மட்டும் சிரிக்கவில்லை. ஆசிரியையிடம் ஏதோ கேட்டாள். ஆசிரியை என் மனைவி பக்கம் திரும்பி, "உன் அம்மா சாயங்காலங்களில் என்ன செய்கிறார் என்று கேட்கிறாள்" என்றாள்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. அவள் பையிலிருந்து ஒரு ஏரோகிராம் கடிதத்தாளை எடுத்து, தறிப் பெஞ்சின்மேல் வைத்து, அங்கேயே அதைக் கேட்டு அம்மாவுக்கு எழுத ஆரம்பித்தாள்.